வாகனம் வராத பாதைகள்: ஸ்பெயின் கிராமப்புறத்தில் சைக்கிள் பயணம் – வாசகர் கேள்வி பதில்

ஸ்பெயினின் உள்நாட்டுக் கிராமப்புறங்களில் மோட்டார் வாகனங்களையே பார்க்காமல் சரளைப் பாதைகளில் நாள் கணக்கில் சைக்கிள் ஓட்டிச் செல்ல முடியும் என்று சென்ற இதழின் பயணப் பகுதியில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில், பலரும் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஐரோப்பாவில் எத்தனையோ நாடுகள் இருக்க, ஸ்பெயினில் இவ்வளவு சரளைப் பாதைகள் எப்படி வந்தன? சுற்றுலாவுக்காக அரசு போட்டவையா?
– கோயம்புத்தூர் வாசகர் ஒருவர்

சுற்றுலாவுக்கென்றே போடப்பட்டவை மிகக் குறைவு. நீங்கள் சைக்கிள் ஓட்டப்போகும் பாதையின் பெரும்பகுதி வேறொருவருடைய பிழைப்புக்காக உருவானது. அந்தப் பிழைப்பு மாறிய பிறகும் பாதை பொதுச் சொத்தாகவே நீடித்திருக்கிறது. இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் பாதையைத் தேர்ந்தெடுப்பதிலும் அதில் நடந்துகொள்வதிலும் தவறுவதில்லை என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் வயல் பாதைகள். பாட்டன் சொத்தைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பங்கு பிரித்துப் பிரித்து, ஒரே குடும்பத்துக்கு ஊரைச் சுற்றிப் பல திசைகளில் சிறு சிறு துண்டு நிலங்கள் சிதறிக் கிடந்த நிலைமை ஸ்பெயினின் வடபாதியில் பரவலாக இருந்தது. உழுவதற்கு ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போகவே நேரம் கழிந்தது. இதைச் சீராக்க 1952-இல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்தது. துண்டுகளைச் சேர்த்துப் பெரிய வயல்களாக்கி மறுபடியும் பங்கிட்டபோது, ஒவ்வொரு வயலுக்கும் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் போய்ச் சேரும்படி அகலமான, நேரான பாதைகளை வெட்டிச் சரளை பரப்பினார்கள். நாட்டின் நடுப்பகுதியிலுள்ள காஸ்தீயா சமவெளியில் கோதுமை வயல்களுக்கு நடுவே கோடு கிழித்ததுபோல் ஓடும் வெளிறிய பாதைகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதான். விதைப்பு, அறுவடைக் காலங்களில் டிராக்டர் வரும். மற்ற நாட்களில் அநேகமாக ஒருவரும் வரமாட்டார்கள்.

இரண்டாவது, ஆட்டு மந்தைகளின் பாதைகள். கோடையில் வடக்கு மலைகளுக்கும் குளிர்காலத்தில் தெற்குச் சமவெளிகளுக்கும் மெரினோ ஆடுகளை ஓட்டிச் சென்ற இடையர்களுக்காக இடைக்காலத்திலிருந்தே காக்கப்பட்டுவரும் வழித்தடங்கள் இவை. நாடு முழுவதும் ஏறத்தாழ 1,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இவை பின்னிக் கிடக்கின்றன. மூன்றாவது, கைவிடப்பட்ட ரயில் தடங்கள். நான்காவது, கால்வாய்க் கரைகள். இம்மூன்றையும் பற்றித் தனித்தனியே கேள்விகள் வந்திருப்பதால் அங்கங்கே சொல்கிறேன்.

இவற்றோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. 1950-களிலிருந்து 1970-கள் வரை மத்ரித், பார்சலோனா, பில்பாவோ, வலென்சியா போன்ற நகரங்களை நோக்கி உள்நாட்டு மக்கள் பெருமளவில் குடிபெயர்ந்தார்கள். பாதைகள் இருந்தன, நடக்க ஆள் இல்லாமல் போனது. இன்று நாம் அனுபவிக்கும் அமைதியில் ஒரு பங்கு அந்த வெறுமையிலிருந்து வருவது.

மனைவியும் பத்து, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். எங்களுக்கு மலை ஏறிப் பழக்கமில்லை. எங்கே தொடங்கலாம்?
– சென்னை வாசகர் ஒருவர்

தயங்காமல் பசுமை வழிகளில் தொடங்குங்கள். ஸ்பானிய மொழியில் 'வீயாஸ் வெர்தேஸ்' என்று கேட்டால் எந்தக் கிராமத்திலும் வழி காட்டுவார்கள். ரயில் நின்றுபோன தடங்களிலிருந்து தண்டவாளத்தையும் கட்டைகளையும் அகற்றி, மண்ணை இறுக்கி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் திறந்துவிடும் திட்டம் 1993-இல் தொடங்கியது. ஸ்பானிய ரயில்வே அறக்கட்டளை இதை ஒருங்கிணைத்து நடத்துகிறது. இப்போது நாடெங்கும் 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக இப்படிப்பட்ட வழிகள் உள்ளன. நீராவி இழுத்த ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே தடத்தின் சரிவு நூற்றுக்கு இரண்டு மூன்று அடிக்கு மேல் போவது அரிது. மலை குறுக்கிட்டால் குகை குடைந்திருப்பார்கள். பள்ளம் குறுக்கிட்டால் பாலம் கட்டியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாதை கிடையாது.

உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது, தெற்கே அந்தாலூசியாவில் புவேர்த்தோ செர்ரானோவிலிருந்து ஒல்வேரா வரை செல்லும் 36 கிலோமீட்டர் நீளமுள்ள சியர்ரா பசுமை வழியைத்தான். 1920-களில் பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகார ஆட்சியில் பெரும் ரயில் திட்டம் ஒன்று தீட்டப்பட்டது. ஹெரெஸ் நகரையும் அல்மார்கெனையும் இணைக்க வேண்டிய தடத்துக்காக மலைகளைக் குடைந்தார்கள், நிலையங்களையும் கட்டினார்கள். ஆனால் பணி முடங்கியது, உள்நாட்டுப் போர் வந்தது, கடைசிவரை இந்தத் தடத்தில் ரயில் ஓடவேயில்லை. அன்று குடைந்த 30 குகைகளும் கட்டிய நான்கு உயர்பாலங்களும் இன்று சைக்கிள்களுக்குப் பயன்படுகின்றன. நீளமான குகை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இருக்கும். சிலவற்றில் விளக்கு உண்டு. அதை நம்பிப் போகாமல் ஆளுக்கொரு முன்விளக்கும் பின்விளக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சுடும் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் உடம்பு சிலிர்க்கும் அளவுக்குக் குளிரும். பிள்ளைகளுக்கு ஒரு மேல்சட்டை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வழியில் சாஃப்ராமகோன் என்ற பெரும்பாறை வரும். பாறு கழுகுகள் கூட்டமாகக் கூடு கட்டும் இடம் அது. முற்பகலில் வெயில் ஏறிப் பாறை சூடானதும், மேலெழும் காற்றைப் பிடித்துக்கொண்டு இறக்கையை அசைக்காமலே அவை வட்டமிடத் தொடங்கும். அங்கே குறைந்தது ஒரு மணி நேரமாவது நில்லுங்கள் என்பது என் வேண்டுகோள். ஒல்வேராவிலும் புவேர்த்தோ செர்ரானோவிலும் வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். ஒல்வேரா முனை உயரமானது என்பதால், அங்கிருந்து தொடங்கினால் மொத்தத்தில் இறக்கமாக இருக்கும்.

இது பிடித்துப்போனால், அடுத்தது ஹாயேன் நகரிலிருந்து புவெந்தே ஹெனில் வரை 128 கிலோமீட்டர் செல்லும் எண்ணெய்ப் பசுமை வழி. ஆலிவ் எண்ணெயை ஏற்றிச் சென்ற ரயிலின் தடம் இது. நட்டத்தில் ஓடும் தடங்களை மூடுவதென்று அரசு எடுத்த முடிவின்படி 1985-இன் தொடக்கத்தில் நாடெங்கும் பல வழித்தடங்கள் நின்றுபோயின. அவற்றுள் இதுவும் ஒன்று. ஹாயேன் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கும் அதிகமான ஆலிவ் மரங்கள் உள்ளன. அவற்றின் நடுவே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய இரும்புப் பாலங்களின் மேல் சைக்கிள் ஓட்டிச் செல்வது எளிதில் மறக்கக்கூடிய அனுபவமல்ல. பழைய நிலையங்கள் சில உணவகங்களாக மாறியிருக்கின்றன. மூன்று அல்லது நான்கு நாட்களாகப் பிரித்துக்கொண்டு, மார்த்தோஸ், லூக்கே, தோன்யா மென்சியா, காப்ரா என்று ஊர் ஊராகத் தங்கிப் போனால் பிள்ளைகளுக்கும் சலிப்பு வராது.

ஒரு வாரம் விடுமுறை உண்டு. நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர் என்னால் ஓட்ட முடியும். கூட்டமே இல்லாத, அதிகம் ஏறத் தேவையில்லாத வழி வேண்டும்.
– லண்டனில் வசிக்கும் ஈழத்து வாசகி

அப்படியானால் காஸ்தீயா கால்வாய். உள்நாட்டுக் கோதுமையைப் படகில் ஏற்றி வடக்கே சாந்தாந்தேர் துறைமுகத்தை நோக்கிக் கொண்டு செல்லும் நோக்கத்தோடு 1753-இல் வெட்டத் தொடங்கி, 1849-இல்தான் முடித்தார்கள். மலையைக் கடந்து கடல்வரை போக வேண்டுமென்ற கனவு நிறைவேறவில்லை. 207 கிலோமீட்டரோடு நின்றது. சில ஆண்டுகளிலேயே ரயில் வந்து சரக்கைப் பறித்துக்கொண்டது. 1959-இல் படகுப் போக்குவரத்தும் முடிந்தது. படகைக் கரையிலிருந்து கோவேறு கழுதைகள் கயிற்றால் இழுத்துச் சென்ற பாதை மட்டும் இருபுறமும் அப்படியே இருக்கிறது. நீரை ஒட்டிச் செல்லும் பாதையாதலால் ஏற்றமே கிடையாது. படகை ஏற்றி இறக்கும் நீர்த்தடைக் கதவுகள் இருக்கும் இடங்களில் மட்டும் சில மீட்டர் உயரும், தாழும். 49 நீர்த்தடைகளில், ஃப்ரோமிஸ்தாவில் படிக்கட்டுப் போல் அடுத்தடுத்து அமைந்த நான்கையும் காண நேரம் ஒதுக்குங்கள்.

வடக்கே அலார் தெல் ரேயில் தொடங்கி, ஃப்ரோமிஸ்தா, பலென்சியா வழியாக வல்லாதோலித் வரை ஒரு கிளை; மெதீனா தெ ரியோசெக்கோவுக்கு இன்னொரு கிளை. ஃப்ரோமிஸ்தாவின் அருகே சந்தியாகோ தேவாலயத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்களின் பாதை கொஞ்ச தூரம் கால்வாய்க் கரையிலேயே வரும். அங்கே மணி அடித்து, மெதுவாகக் கடக்க வேண்டும். அதைத் தாண்டினால் நாணலும் நெட்டிலிங்கம் போல் நெடிதுயர்ந்த பாப்லர் மரங்களும்தான் துணை. ஒரு வாரத்தில் கால்வாயை முடித்தும் நாள் மிச்சமிருக்கும். அந்த நாட்களை மெதீனாவின் வடமேற்கே தியர்ரா தெ காம்போஸ் வயல் பாதைகளுக்குக் கொடுங்கள். நம் கானமயிலின் குடும்பத்தைச் சேர்ந்த, அவுத்தார்தா எனப்படும் கனத்த பறவைகள் அந்தக் கோதுமை வெளியில் மேய்வதைக் காணலாம். காலையில் சற்று நேரத்தோடு புறப்பட்டு, பாதையை விட்டு இறங்காமல், பேசாமல் நிற்க வேண்டும்.

இறங்குமுகமான வழிதான் வேண்டுமென்றால், தெருவேல் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் இறங்கும் ஓஹோஸ் நெக்ரோஸ் பசுமை வழியைப் பாருங்கள். மலையில் எடுத்த இரும்புத் தாதுவைச் சகுந்தோ துறைமுகத்துக்குக் கொண்டுபோகச் சுரங்க நிறுவனம் ஒன்று சொந்தமாகப் போட்ட தடம் அது. ஏற்கெனவே அருகில் இருந்த ரயில் நிறுவனத்தோடு கட்டணத்தில் உடன்பாடு எட்டாததால், அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றைப் போட்டு 1907-இல் ஓட்டத் தொடங்கினார்கள். 1972-இல் அது நின்றது. பழைய போட்டித் தடத்தில் இன்றும் பயணிகள் ரயில் உண்டு என்பது நமக்கு வசதி: வலென்சியாவிலிருந்து ரயிலில் ஏறி, சைக்கிளில் இறங்கலாம். தெருவேலுக்குப் பின் 1,200 மீட்டருக்கு மேல் உள்ள எஸ்கந்தோன் கணவாயைத் தாண்டிவிட்டால் அதன்பின் பெரும்பாலும் கால் ஓய்வெடுக்கும். அந்த ரயில் தடத்தில் அவ்வப்போது சீரமைப்புப் பணி நடக்கும். பயண நாளில் வண்டி ஓடுகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மந்தைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டச் சட்டப்படி அனுமதி உண்டா? ஆடுகள் எதிரே வந்தால் என்ன செய்வது? நாய்களைப் பற்றிப் பயமுறுத்துகிறார்களே?
– மதுரை வாசகர் ஒருவர்

அனுமதி உண்டு, அதுவும் சட்டத்திலேயே எழுதப்பட்ட அனுமதி. அரசர் பத்தாம் அல்ஃபோன்சோ 1273-இல் மந்தை உரிமையாளர்களின் 'மெஸ்தா' சங்கத்துக்கு அங்கீகாரம் அளித்தார். கம்பளி வணிகத்தின் வலிமையில் பல நூற்றாண்டுகள் செல்வாக்கோடு விளங்கிய அந்தச் சங்கம் 1836-இல் கலைக்கப்பட்டது. சங்கம் போனாலும் பாதைகள் போகவில்லை. 1995-ஆம் ஆண்டின் மந்தை வழிகள் சட்டம், இவை அந்தந்தத் தன்னாட்சிப் பிரதேசங்களின் பொதுச் சொத்து என்று உறுதி செய்கிறது. இவற்றை விற்க முடியாது; எத்தனை ஆண்டு ஆக்கிரமித்து உழுதாலும் அனுபவ உரிமை கோர முடியாது; கடனுக்காக ஜப்தி செய்யவும் முடியாது. பொதுநிலம் ஒன்றைக் காக்கும் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

பெரிய வழியான 'கன்யாதா' 75 மீட்டர் வரை அகலம் கொண்டது, 'கொர்தெல்' 37.5 மீட்டர், 'வெரேதா' 20 மீட்டர். சோரியாவிலிருந்து செவீயா வரை செல்லும் கிழக்குச் சோரியா கன்யாதா ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளம். நடைப்பயணமும் குதிரைச் சவாரியும் மோட்டார் இல்லாத வண்டிகளும் இவற்றில் துணைப் பயன்பாடுகளாக ஏற்கப்படுகின்றன. ஒரே நிபந்தனை, கால்நடைக்கே முன்னுரிமை. ஆகவே மந்தை எதிரே வந்தால் இறங்கி ஓரமாக நின்று, அது முழுதும் கடக்கும்வரை பொறுத்திருங்கள். நடுவில் புகுந்து பிளக்காதீர்கள். இடையர் இருந்தால் வணக்கம் சொல்லுங்கள். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று அவரே கை காட்டுவார். மந்தையோடு இடம்பெயரும் இந்த மரபை 2023-இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் ஸ்பெயினுக்கும் சேர்த்துப் பதிவு செய்தது. இன்னும் வாழ்கிற தொழில் அது.

நாய்களைப் பற்றி: மந்தைக்குக் காவல் நிற்கும் மஸ்தீன் நாய்கள் உருவத்தில் மிகப் பெரியவை. ஓநாயிடமிருந்து ஆட்டைக் காப்பதற்காகவே வளர்க்கப்படுபவை. ஆட்டுக்குத் தீங்கு வருமோ என்றுதான் அவை குரைத்துக்கொண்டு வருகின்றன; வேகமாக ஓட்டித் தப்பிக்க முயன்றால் துரத்தத் தூண்டுகிறீர்கள். சற்றுத் தொலைவிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, அதை உங்களுக்கும் நாய்க்கும் இடையில் தள்ளிக்கொண்டு, மந்தையைச் சுற்றி விலகி, அமைதியான குரலில் பேசியபடி நடங்கள். கல்லெடுக்காதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள். மந்தையின் எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலும் அவை திரும்பிப் போய்விடும்.

என்னிடம் இருப்பது சாதாரண ரோடு சைக்கிள். அதையே எடுத்துச் செல்லலாமா? டயர் எப்படி இருக்க வேண்டும்?
– கொழும்பு வாசகர் ஒருவர்

28 மில்லிமீட்டர் டயர் போட்ட ரோடு சைக்கிளில் பசுமை வழிகளில் சிலவற்றை ஓட்டிவிடலாம். ஜிரோனாவிலிருந்து ஓலோட் வரை 54 கிலோமீட்டர் செல்லும் பழைய குறுகிய ரயில் பாதையின் இறுகிய மணல் தளம் அப்படிப்பட்டது. மற்ற இடங்களுக்கு அது போதாது. 40 முதல் 45 மில்லிமீட்டர் வரை டயர் ஏற்கும், சரளைப் பாதைக்கென்றே செய்த கிராவல் சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுப்பது நல்லது. ஜிரோனா தொழில்முறை வீரர்கள் பலர் குடியிருக்கும் ஊர் என்பதால் நல்ல சைக்கிள்கள் கிடைக்கும்.

டியூப்லெஸ் டயரும் அதற்குள் புதிதாக ஊற்றிய சீலன்ட் திரவமும் அவசியம் என்றே சொல்வேன். நம் ஊர்த் தரிசுகளில் காலைக் குத்தும் அதே நெருஞ்சிதான் ஸ்பெயினின் வறண்ட வயலோரங்களிலும் படர்ந்து கிடக்கிறது. கோடையின் இறுதியில் அதன் காய்கள் காய்ந்து உதிர்ந்திருக்கும்போது, ஒரு நாளில் டயரில் எத்தனை முள் ஏறும் என்று சொல்ல முடியாது. சீலன்ட் இருந்தால் முள்ளைப் பிடுங்கியதும் துளை தானாக அடைபடும். காற்றைக் கல்லாக அடைக்காதீர்கள். 45 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயருக்கு, நடுத்தர எடையுள்ளவர் காற்றழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ. அளவில் வைத்தாலே சரளையில் சக்கரம் துள்ளாமல் பற்றும். முன்பல்சக்கரத்தின் பற்களுக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ பின்னால் பெரிய பல்சக்கரம் இருந்தால் சுமையோடு ஏறும்போது முட்டி தப்பும்.

எந்த மாதத்தில் போவது?
– திருச்சி வாசகி ஒருவர்

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் இறுதி வரை. வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று ஆகஸ்டில் அந்தாலூசியா போகாதீர்கள்; 2021 ஆகஸ்ட் 14 அன்று கோர்தோபா மாகாணத்தின் லா ராம்ப்லாவில் 47.6 டிகிரி பதிவானது. குளிர்காலத்தில் உள்நாட்டு மேட்டுநிலம் உறையும். தெருவேல் மாகாணத்தின் கலமோச்சாவில் 1963 டிசம்பரில் சுழியத்துக்குக் கீழே 30 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் அறை கிடைப்பது கடினம். எந்த மாதமானாலும், நல்ல மழை பெய்த மறுநாள் காஸ்தீயாவின் களிமண் பாதைகளில் இறங்கவேண்டாம். மண் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் இடையே இறுகி, சைக்கிளைத் தோளில் தூக்கவைக்கும். அன்று தார்ச்சாலையில் போங்கள். அல்லது ஊரில் தங்கி, பாதை காயட்டும்.

கிராமங்கள் காலியாகிவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் சோற்றுக்கும் தண்ணீருக்கும் என்ன செய்வது? வெறிச்சோடிய ஊர்களில் நாம் உல்லாசமாகச் சுற்றுவது சரிதானா என்றும் தோன்றுகிறது.
– சிங்கப்பூர் வாசகி ஒருவர்

இரண்டாவது கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி. முதலாவதற்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சோரியா, தெருவேல் மாகாணங்களில் சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் பேர்கூட இல்லை. தெருவேலில் தொடங்கி, குவென்கா, குவாதலஹாரா மலைப்பகுதிகளைச் சுற்றி, தாஹோ நதி பிறக்கும் இடத்தை ஒட்டிச் சென்று, மறுபடியும் தெருவேலில் முடியும் 'மொந்தான்யாஸ் வாசியாஸ்' என்ற வட்டவழி ஏறத்தாழ 680 கிலோமீட்டர் நீளம். பெயரின் பொருளே 'காலியான மலைகள்' என்பதுதான். அந்த மலைகள் இயல்பாகக் காலியானவை அல்ல. பள்ளிக்கூடம் மூடியது, மருத்துவர் வருவது குறைந்தது, ரயில் நின்றது, இளைஞர்கள் போனார்கள். 'தெருவேலும் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு அந்த மாகாணத்து மக்கள் 1999-இல் இயக்கம் தொடங்கினார்கள். 2019 நவம்பர் தேர்தலில் அது நாடாளுமன்றக் கீழவையில் ஓர் இடத்தையும் வென்றது. 2019 மார்ச் 31 அன்று நாட்டின் பல பகுதிக் கிராமத்தினர் மத்ரிதில் பெரும் பேரணி நடத்தினார்கள். ஆகவே, அங்கே எஞ்சியிருப்பவர்கள் காட்சிப் பொருட்கள் அல்லர். தங்கள் ஊர் நிலைக்க வேண்டும் என்று போராடுபவர்கள்.

நாம் போவது சரிதான். ஆனால் செலவழிக்கப் போக வேண்டும். மாநகரத்துப் பெருங்கடையில் ஒரு வாரத்துக்கு வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு, ஊர்களை வெறுமனே கடந்து போகிறவரால் அந்த ஊர்களுக்கு ஒரு பயனும் இல்லை. காபி, ரொட்டி, மதிய உணவு, இரவுத் தங்கல் எல்லாவற்றையும் வழியிலுள்ள ஊர்களிலேயே வாங்குங்கள். தெருவேல் மாகாணத்தில் 'முல்த்திசெர்விசியோ' என்ற ஏற்பாடு உண்டு: ஊராட்சிக்குச் சொந்தமான ஒரே கட்டடத்தில் மளிகைக் கடை, தேநீர் குடிக்கும் இடம், சில ஊர்களில் தங்கும் அறைகள் ஆகியவற்றை ஒரு குடும்பம் ஏற்று நடத்தும். வியாபாரம் போதாமல் அந்தக் குடும்பம் கிளம்பிவிட்டால், முதியவர்கள் கூடிப் பேசவும் ஓர் இடமில்லாமல் போகும். ஆகவே நீங்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிடும் ஒரு வேளை உணவுக்கும் பொருள் உண்டு.

நடைமுறையாகச் சொன்னால்: மதிய உணவு இரண்டு மணியிலிருந்து ஏறத்தாழ நான்கு மணிவரை, கடைகள் இரண்டு மணிக்கு மூடி மாலை ஐந்துக்குமேல் திறக்கும், இரவு உணவு ஒன்பதுக்குமேல். ஞாயிறு மாலையும் திங்களும் மூடியிருப்பவை அதிகம். கடையே இல்லாத ஊருக்கு ரொட்டி வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு வரும். வீட்டு வாசலில் நிற்பவரிடம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் சொல்வார். ஆகவே பையில் ஒரு வேளைக்கான உணவை எப்போதும் வைத்திருங்கள். தண்ணீருக்கு ஊர் நடுவே பொது ஊற்று இருக்கும். 'நோ பொதாப்லே' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. ஊருக்கு வெளியே உள்ள கல்லறைத் தோட்டங்களில் பூச்செடிகளுக்காகக் குழாய் இருப்பது வழக்கம். மூடிய ஊரில் அது கைகொடுக்கும். கோடையை ஒட்டிய மாதங்களில் மூன்று லிட்டருக்குக் குறையாமல் சுமந்து செல்லுங்கள். மரக்கறி உணவு மட்டுமே உண்பவர்கள் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்த தொர்த்தீயாவையும், முட்டையும் வேண்டாதவர்கள் தக்காளி தேய்த்த ரொட்டி, பாலாடைக்கட்டி, கொண்டைக்கடலை போன்றவற்றையும் நம்பலாம். கடலைக் குழம்பில் இறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வழியில் வேலியும் கேட்டும் இருந்தால் அது தனியார் நிலமா? வேட்டைப் பகுதி என்று பலகை இருந்தால் திரும்பிவிட வேண்டுமா?
– யாழ்ப்பாணத்து வாசகர் ஒருவர்

கேட் இருப்பதாலேயே பாதை தனியாருடையது ஆகிவிடாது. எஸ்த்ரெமதூராவின் மேய்ச்சல் காடுகளில் மாடு வெளியேறாதிருக்கப் பொதுப்பாதையிலும் கேட் போட்டிருப்பார்கள். திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்ல வேண்டும். இதில் மறதிக்கு இடமே இல்லை, ஏனெனில் வெளியேறும் மாட்டுக்கு விலை கொடுப்பவர் வேறொருவர். சந்தேகம் வராமலிருக்க, கிளம்புவதற்கு முன்பே நாட்டின் நிலப்படவியல் நிறுவனம் இலவசமாகத் தரும் 1:25,000 வரைபடத்தையும் நிலப்பதிவுத் துறையின் இணையவழி வரைபடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னதில் பொதுப்பாதைகள் தனியாகத் தெரியும். பிறர் பதிவேற்றிய தடங்களை விக்கிலோக் என்ற இணையதளத்தில் பார்க்கலாம். ஆனால் ஒருவர் போயிருக்கிறார் என்பதால் மட்டும் அது பொதுவழி ஆகாது.

குறுக்கே கோடிட்டுப் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக இருக்கும் சிறு பலகை, அந்த நிலத்தில் வேட்டை உரிமை ஒருவருக்கு உண்டு என்பதைத்தான் தெரிவிக்கிறது. பொதுப்பாதையில் நீங்கள் போவதைத் தடுப்பதில்லை. ஆனால் அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை, முக்கியமாக வார இறுதிகளில், காட்டுப்பன்றியையும் மானையும் கூட்டமாக வளைத்து வேட்டையாடுவார்கள். அன்றைக்கு வேட்டை நடக்கிறது என்ற எச்சரிக்கையைப் பாதையின் தொடக்கத்தில் வைத்திருந்தால் கட்டாயம் வேறு வழியில் செல்லுங்கள். பளிச்சென்ற நிறத்தில் உடை அணியுங்கள். ஊருக்கு வெளியே தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். நினைத்த இடத்தில் கூடாரம் போடவும் பொதுவாக அனுமதி இல்லை. விதி பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறும். தீ பற்றும் மாதங்களில் காட்டில் அடுப்பு மூட்டுவது பெருங்குற்றம்.

சைக்கிளை ரயிலில் ஏற்றுவார்களா? தனியாகப் போகும் பெண் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன்: பாதுகாப்பு எப்படி?
– சேலம் வாசகி ஒருவர்

நகர்ப்புற ரயில்களிலும் நடுத்தூர ரயில்களிலும் சைக்கிளைப் பிரிக்காமல் ஏற்றலாம். ஆனால் நடுத்தூர வண்டிகளில் இடம் மிகக் குறைவு என்பதால் பயணச்சீட்டு எடுக்கும்போதே சைக்கிளுக்கும் இடம் பதியுங்கள். அதிவேக ரயிலில் சக்கரத்தைக் கழற்றிப் பைக்குள் அடக்கினால்தான் ஏற்றுவார்கள்.

தனியாகச் செல்பவருக்கு நான் கவலைப்படுவது மனிதர்களைப் பற்றி அல்ல, தொலைவைப் பற்றி. முன்பு சொன்ன காலியான மலைகளில் விழுந்து அடிபட்டால், அடுத்த ஆள் அந்தப் பாதையில் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. பள்ளத்தாக்குகளில் அலைபேசிக்குச் சிக்னல் இருக்காது. ஆகவே முதல் பயணத்தைப் பசுமை வழியிலோ கால்வாய்க் கரையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மலைவழிக்குப் போவதானால், இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். காலையில் தங்கிய விடுதியில் மாலை எந்த ஊர் சேருவீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த ஊர் விடுதியில் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்பதையும் முன்கூட்டியே தெரிவியுங்கள். அவசர எண் 112. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறெந்த நிறுவனத்தின் சிக்னல் கிடைத்தாலும் அந்த அழைப்பு போகும். இறங்குமுகச் சரளையில் வளைவுக்கு முன்பே, சக்கரம் நேராக இருக்கும்போதே பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொடாதீர்கள்.